பழைய டெஸ்க்டாப்பில் ரேம் மீது சந்தேகம் வந்தால்: படிப்படியாகச் சோதிக்கும் முறை

அக்கா மகளின் கல்லூரிப் படிப்புக்காக, ஓர் அலுவலகத்தில் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினோம். நான்காம் தலைமுறை ஐ5 செயலி, டிடிஆர்3 வகையைச் சேர்ந்த 4 ஜிபி ரேம் (கணினி ஓடும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இரண்டு, விலையும் நியாயம். இரண்டு வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு, தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படங்களை அவள் கைபேசியிலிருந்து கணினிக்கு மாற்றினாள். ஏறத்தாழ நானூறு படங்களில் பதினொரு படங்கள் மட்டும், மேல்பாதி சரியாகவும் அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறமாகவும் திறந்தன. ஒரு படத்தில் தாத்தாவின் முகம் இருந்தது, பாட்டியின் முகம் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம்தான் இருந்தது.

நான் முதலில் ஹார்டு டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன், டிஸ்க்கையும் மாற்றினேன், விண்டோஸை மறுபடி நிறுவ முயன்றேன். கோப்புகளை விரிக்கும் கட்டத்தில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் அது நின்றுபோனது. அப்போதுதான் ரேமைச் சோதிக்கும் எண்ணம் வந்தது. அந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் ஒரு வாரமும் ஒரு டிஸ்க்கின் விலையும் மிஞ்சியிருக்கும். நான் பிறகு கற்றுக்கொண்ட முறையை, செய்யவேண்டிய வரிசைப்படியே இங்கே எழுதுகிறேன்.

முறைக்குள் போவதற்கு முன்பு ஒரு வேண்டுகோள். கெட்டுப்போன ரேம் கணினியை நிறுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. கணினி படிப்பதும் எழுதுவதும் எல்லாமே ரேம் வழியாகத்தான் போகிறது என்பதால், அங்கே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவு அலகு) புரண்டால், புரண்ட அந்த மதிப்பே சத்தமில்லாமல் உங்கள் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தக் கணினியில் புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம். அவசரப்பட்டு அதே கணினியின் வழியாகப் பேக்கப்பும் எடுக்க வேண்டாம்; நல்ல கோப்பும் நகலெடுக்கும்போது கெட்டுப்போகலாம். டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறொரு கணினியில் இணைத்து நகலெடுப்பதே பாதுகாப்பான வழி.

அறிகுறிகள்

கணினியை இயக்கியதும் விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை என்பது எல்லோரும் அறிந்த அறிகுறி. சர்வீஸ் கடைகளில் இதை 'நோ டிஸ்ப்ளே' என்பார்கள். கூடவே பீப் ஒலியோ, பவர் பொத்தானின் விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டுவதோ இருந்தால், அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். இந்த ஒலிக்குறிப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், வேறொரு கணினிக்கான பட்டியலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும் அறிகுறிகள்தான் ஏமாற்றுகின்றன. நீலத் திரை வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் காட்டுகிறது: ஒரு முறை 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொரு முறை 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', அடுத்த முறை ஏதோ ஒரு டிரைவரின் பெயர். பிரவுசரின் டேப்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. நேற்றுத் திறந்த ஜிப் கோப்பு இன்று சிதைந்துவிட்டதாகச் சொல்கிறது, கணினியை மறுபடி இயக்கினால் அதே கோப்பு ஒழுங்காகத் திறக்கிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் ரேமிலிருந்தே எடுக்கப்படுவதால், திரையில் கோடுகளும் வண்ணப் புள்ளிகளும் தோன்றுவதற்கும் ரேம் காரணமாக இருக்கலாம். ஒரே மென்பொருளில் மட்டும், ஒரே செயலைச் செய்யும்போது மட்டும் தவறு வருமானால் அது பெரும்பாலும் அந்த மென்பொருளின் கோளாறுதான். தவறு இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமை நினைக்க வேண்டும்.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ரேமின் கொள்ளளவில் பாதிக்குக் குறையாத அளவுள்ள பெரிய கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பு இதற்குப் போதும். செவன்-ஜிப் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலப்பக்கம் சொடுக்கி எஸ்எச்ஏ-256 மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற எண்ணை, கணக்கிடச் சொல்லலாம். அதையே நான்கைந்து முறை திரும்பச் செய்து, வரும் மதிப்புகளை ஒப்பிடுங்கள். கோப்பு மாறாதபோது மதிப்பும் மாறக்கூடாது. மாறினால் ரேமிலோ, டிஸ்க்கிலோ, இடையில் உள்ள கேபிளிலோ பெரும்பாலும் கோளாறு இருக்கிறது. ஆனால் மாறாமல் இருப்பதை வைத்து ரேம் நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது.

திறப்பதற்கு முன்பு பயாஸில் பார்க்க வேண்டியவை

பழைய கணினிகளில் முந்தைய உரிமையாளர் என்ன அமைப்பை மாற்றி வைத்திருந்தார் என்பது நமக்குத் தெரியாது. எனவே பயாஸுக்குள் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) நுழைந்து எல்லாவற்றையும் ஆரம்ப அமைப்புக்கு மாற்றிச் சேமியுங்கள். எக்ஸ்எம்பி என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், ரேம் தன் பொதுத் தர வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். நல்ல ரேமே அந்த வேகத்தில் தவறு காட்டக்கூடும். சோதனை முடியும்வரை அது நிறுத்தத்திலேயே இருக்கட்டும். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகின்றன என்றால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை முதலில் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் செய்யும் அமைப்புகள் நிற்காது.

பயாஸ் காட்டும் ரேம் அளவு, பொருத்தியிருக்கும் அளவோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பயாஸில் 8 ஜிபி சரியாகத் தெரிந்து, விண்டோஸில் மட்டும் மூன்றரை ஜிபிதான் பயன்படும் என்று வந்தால், அது பெரும்பாலும் 32 பிட் விண்டோஸ், ரேமின் குற்றமல்ல. பயாஸிலேயே பாதிதான் தெரிகிறது என்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

கழற்றித் துடைத்துப் பொருத்துதல்

நீண்ட நாள் ஓடிய கணினிகளில் ரேம் கோளாறு என்று வருபவற்றில் ஒரு பகுதி, உண்மையில் தூசியும் தளர்ந்த இணைப்பும்தான். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் தொடுமுனைகள் இன்னும் சீக்கிரம் மங்கும். இந்தப் படியை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். பிளக் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின்வழங்கி) 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமை உருவினால் நல்ல ரேமும் போய்விடலாம். பிளக்கை எடுத்தபின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்.

ஸ்லாட்டின் முனையில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினால் ரேம் தானே மேலே எழும். பொன்நிறத் தொடுமுனைகளை விரலால் தொடாமல், விளிம்புகளைப் பிடித்து எடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மங்கிய முனைகளில் பழுப்பான ஒரு படலம் தெரியும். எங்கள் ஊர் சர்வீஸ்காரர்கள் எல்லோரும் பென்சில் அழிக்கும் ரப்பரால்தான் இதைத் துடைக்கிறார்கள். ஒருமுறை மென்மையாகத் துடைப்பதில் தவறில்லை, ஆனால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள்ளும் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைப்பதே சிறந்தது என்பது என் அனுபவம். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதக்கூடாது, எச்சிலின் ஈரம் உள்ளே போகும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

திரும்பப் பொருத்தும்போது ரேமின் வெட்டுக்குழி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதைக் கவனித்து, ஸ்லாட்டின் மேட்டோடு அதைப் பொருத்துங்கள். இரு முனைகளையும் கட்டைவிரல்களால் சமமாக அழுத்தினால், தாழ்ப்பாள் 'டக்' என்று தானாக மூடும். மூடாவிட்டால் ரேம் முழுவதும் இறங்கவில்லை என்று பொருள்; தாழ்ப்பாளைக் கையால் தள்ளி மூடிச் சமாளிக்கக் கூடாது. கேபினெட் திறந்திருக்கும்போதே மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் (சிறு உருளை வடிவ மின்தேக்கிகள்) தலை உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தால் ரேமைச் சோதிப்பதால் பயனில்லை.

மெம்டெஸ்ட்86+ சோதனை

விண்டோஸிலேயே 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து தொடங்கி, சோதனைத் திரை வந்ததும் எஃப்1 விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' வகையைத் தேர்ந்தெடுக்கலாம். அது தவறு காட்டினால் நம்பலாம். தவறு காட்டவில்லை என்றால் நான் அதை நம்புவதில்லை. என் கணினியிலேயே அதன் வழக்கமான சோதனை எல்லாம் சரி என்றுதான் சொன்னது.

நம்பத்தக்கது மெம்டெஸ்ட்86+. இது இலவசம், திறந்தமூலம். கிறிஸ் பிராடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86 நிரலிலிருந்து கிளைத்தது. 2022இல் வந்த 6ஆம் பதிப்பு முதல், பழைய பயாஸ் கணினிகளிலும், பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளிலும் ஓடுகிறது. அசல் மெம்டெஸ்ட்86 இப்போது பாஸ்மார்க் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் இலவசப் பதிப்பும் நல்லதே, ஆனால் ஒரு தடவைக்கு நான்கு சுற்றோடு நின்றுவிடும். பழைய கணினி வாங்குவோருக்கு நான் பிளஸ் குறி உள்ளதையே பரிந்துரைக்கிறேன்.

வேறொரு நல்ல கணினியில், அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து யுஎஸ்பி நிறுவியைப் பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும். கோளாறுள்ள கணினியில் அதைச் செருகி, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரையோடு சோதனை தானாகவே தொடங்கும். அனுமதியில்லாத நிரல்களோடு கணினி தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி குறுக்கிட்டால் பயாஸில் அதைத் தற்காலிகமாக நிறுத்தலாம். டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் தரவுப் பூட்டு) போட்டிருந்தால், அதற்கு முன்பே மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியின் வேகத்தையும் ரேமின் அளவையும் பொறுத்து, ஒரு சுற்றுக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஒரு சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள். சில கோளாறுகள் ரேம் சூடேறிய பிறகுதான் வெளிப்படும் என்பதால், கேபினெட்டை மூடிவிட்டு, இரவு முழுக்க ஓடவிடுவது நல்லது. அடிக்கடி மின்சாரம் போகும் இடமென்றால் யுபிஎஸ் தேவைப்படும்.

எங்கள் கணினியில் முதல் இருபது நிமிடம் எதுவும் வரவில்லை. ஏழாவது சோதனையின் நடுவே ஒரு சிவப்பு வரி தோன்றியது, அடுத்த சுற்றில் அதே முகவரியோடு இன்னொரு வரி. எழுதிய மதிப்பும் படித்த மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. எட்டு ஜிபியில் அந்த ஒரு பிட்தான் பதினொரு படங்களைத் தின்றிருக்கிறது.

இந்தச் சோதனையில் ஒரு தவறுகூட அதிகம்தான். 'ஆயிரத்தில் ஒன்றுதானே' என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்க வேண்டாம். ஒரே முகவரியில் திரும்பத் திரும்பத் தவறு வருவது, ரேமில் ஒரு குறிப்பிட்ட செல் கெட்டிருப்பதைக் காட்டுகிறது. முகவரிகள் எங்கெங்கோ சிதறி வந்தால், ரேமை மட்டுமல்லாமல் ஸ்லாட், மின்வழங்கி, செயலி ஆகியவற்றையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல்

தவறு இருப்பது தெரிந்தபின், எந்த ரேம் என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லா ரேமையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் மீதும் சிறு காகிதத் துண்டு ஒட்டி எண் எழுதிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், பாதி வழியில் குழம்பிவிடுவோம். தனி ரேமை எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள பல மதர்போர்டுகளில் அது செயலியிலிருந்து இரண்டாவது ஸ்லாட். அலுவலகக் கணினிகளில் இது மாறுபடும், ஸ்லாட்டின் நிறமோ அதன் அருகே அச்சிட்டிருக்கும் எண்ணோ வழிகாட்டும்.

முதல் ரேமை மட்டும் அந்த ஸ்லாட்டில் போட்டு, குறைந்தது இரண்டு சுற்று சோதியுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, அதே ஸ்லாட்டில் இரண்டாவது ரேம். எங்களுக்கு முதலாவது தேறியது, இரண்டாவதில் சிவப்பு வரி வந்தது. அத்தோடு இரண்டாவது ரேமைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றும். பொறுத்து, அந்த இரண்டாவது ரேமை வேறொரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கும் தவறு வந்தால் குற்றம் ரேமுடையது. அதேபோல், தேறிய ரேமை மற்ற ஸ்லாட்டுகள் ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். நல்ல ரேமே ஒரு ஸ்லாட்டில் மட்டும் தவறு காட்டினால் குற்றம் ஸ்லாட்டுடையது, அல்லது அந்த ஸ்லாட்டுக்குப் போகும் பாதையுடையது.

அந்தப் பாதை செயலிவரை போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்டெல்லில் 2008இன் முதல் ஐ7 தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் 2003இன் அத்லான் 64இலிருந்தும், ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. செயலியைக் கழற்றி மாட்டியபோது சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்திருந்தாலும் ஒரு சேனலின் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை) ஸ்லாட்டுகள் முழுவதும் வேலை செய்யாமல் போகலாம். கை மாறி வந்த கணினியில் இதற்கு வாய்ப்பு அதிகம். எல்லா ரேமும் எல்லா ஸ்லாட்டிலும் தவறு காட்டினால், எல்லா ரேமும் ஒரே நேரத்தில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நிலையில் நண்பரிடமிருந்து நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிப் பாருங்கள். பயாஸ் 12 வோல்ட் இணைப்பின் அளவைக் காட்டினால், அது 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. தனித்தனியே தேறும் இரண்டு ரேம்கள் சேர்த்துப் போட்டால் தவறு காட்டும். விற்பவர் கையில் கிடைத்த இரு வேறு நிறுவன ரேம்களைச் சேர்த்துப் போட்டிருக்கும்போது இதைக் காணலாம். பயாஸில் வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள், அப்போதும் தவறு வந்தால் ஒரே வகை ஜோடியாக மாற்றுவதே வழி. ஆகவே கடைசியில் எல்லா ரேமையும் சேர்த்துப் போட்டும் ஒரு முழுச் சோதனை நடத்தாமல் வேலையை முடிக்காதீர்கள்.

மாற்று ரேம் வாங்கும்போது

கழற்றிய ரேமின் ஸ்டிக்கரையும் கையேட்டையும் வைத்து வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். டிடிஆர்3க்கு 240 தொடுமுனைகள், டிடிஆர்4க்கு 288. வெட்டுக்குழியின் இடமும் வேறு, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடும். இன்டெல்லின் ஆறாம் தலைமுறைச் செயலியோடு டிடிஆர்3 ஸ்லாட் உள்ள மதர்போர்டு இருந்தால் எல் வகையையே வாங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ரேம் குறைந்த விலைக்குக் கிடைக்கும், வாங்குவதில் தவறில்லை. ஆனால் மலிவாகக் கிடைப்பவற்றில் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேமும் கலந்திருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் அது சாதாரண ஸ்லாட்டில் அழகாக இறங்கும், கணினி மட்டும் இயங்காது. ஸ்டிக்கரில் பிசி3-12800 என்பதற்குப் பின் ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் அது சர்வர் ரேம். 'யு' இருந்தால் நமக்கானது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சொல்லி விற்கும் ரேமை இன்டெல் கணினிக்கு வாங்க வேண்டாம். வாங்கிய அன்றிரவே மெம்டெஸ்ட் ஓட்டுங்கள், கடைக்காரர் கொடுக்கும் ஏழு நாளோ பத்து நாளோ கெடுவுக்குள் திருப்பிக் கொடுக்க முடியும். சிவப்பு வரி தெரியும் திரையைப் படம் எடுத்துக் காட்டினால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

மாற்றிய பிறகு

கெட்ட ரேமோடு நிறுவிய விண்டோஸை நான் நம்புவதில்லை. அதன் கோப்புகளிலும் பிட் புரண்டிருக்கலாம். முடிந்தால் புதிதாக நிறுவுங்கள். முடியாதபோது, நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டி, சிதைந்த கோப்புகளைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் ஒரு பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே ஏற்றப்படும். ரேம் கெட்டிருந்த நாளில் சேமித்த பிழை புது ரேமிலும் வந்து உட்காரும்.

பிறகு, சந்தேகக் காலத்தில் அந்தக் கணினி வழியே சென்ற கோப்புகளின் பட்டியலைத் தயாரியுங்கள். எங்கள் நல்ல காலம், படங்களை மாற்றியபின் கைபேசியிலிருந்து அவள் அழிக்கவில்லை. நானூறையும் மறுபடி மாற்றி, இரு பக்கத்து எஸ்எச்ஏ-256 மதிப்புகளையும் ஒப்பிட்டோம். சாம்பலாகத் தெரிந்தவை பதினொன்றுதான், ஆனால் முதல்முறை மாற்றிய நகல்களில் மதிப்பு ஒத்துவராதவை பதினேழு. மற்ற ஆறும் திறந்து பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தன. அவற்றையும் அழித்துவிட்டுப் புது நகல்களை வைத்தோம்.